ஆனைப்பாறையிலிருந்து ஆறு லாரி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், லேசில் போகாது. காசிமேட்டில் மீன் விற்கிறவளுக்குக் கோபப்படத் தெரியாவிட்டால் வெறுங்கையோடுதான் வீடு திரும்ப வேண்டும். என் பெயர் அடைக்கலமேரி. அடைக்கலம் என்று பெயர் வைத்த புண்ணியவான் என் வீடு இருக்கும் இடத்தை வந்து பார்த்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

திருவொற்றியூரில் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் குப்பம். நான் லியோனார்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் வீடு கடலிலிருந்து நாலாவது வரிசை. முன்னால் மூன்று வரிசை வீடு, வலை காயப்போடும் மணல், நல்ல தண்ணீர்க் கிணறு, அந்தோணியார் சிலை வைத்த கெபி எல்லாம் இருந்தன. கடல் ஆடிக்கு ஆடி தின்றுகொண்டே வந்து 2002ஆம் வருடம் என் வாசலில் நின்றது. அலை அடித்தால் பரணில் பாத்திரம் ஆடும். என் வீட்டுக்காரர் லாஞ்சில் ஏறி ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். வீட்டில் நானும், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஷைனியும்தான். நிறைமாத வயிற்றோடு அவள் ஒவ்வொரு அலைக்கும் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். ஆடி அமாவாசைக்குக் கடல் இன்னும் ஏறும். அதற்குள் கரையில் கல் கொட்டாவிட்டால் வீடு போய்விடும். எங்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கல் கொட்டுகிறோம் என்று சர்க்கார் எப்போதோ சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி. நாங்கள் மறியலுக்குப் பெயர் போனவர்கள். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கட்டுமரத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் ஹார்பர் கேட்டுக்குப் போகிற கண்டெய்னர் லாரியெல்லாம் வரிசை கட்டி நிற்கும். அதிகாரி ஓடி வருவார், கையைக் கூப்புவார், அடுத்த வாரம் கல் வரும் என்பார். நாங்களும் எழுந்து போவோம். அடுத்த வாரம் அலைதான் வரும்.

மூன்றாவது மறியலில் அவர் புதுக்கதை சொன்னார். "கல்லெல்லாம் ரெடிம்மா. ஆனைப்பாறை மலையில வெட்டி வெச்சிருக்கு. மழையில மலை ரோடு அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு, லாரி இறங்க முடியல. என் கையில என்ன இருக்கு?"

ஊரே நம்பியது. நான் நம்பவில்லை. மீனுக்கு ஐஸ் கேட்டால் தீர்ந்துபோச்சு என்று பொய் சொல்லுகிறவன் நம் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டான். இவரும் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத்தான் பேசினார். மலைக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "அப்பால பாக்கலாம், அடைக்கலம்" என்றார்.

"அப்பால இன்னாத்த பாப்பீங்கோ? எங்கூட்டு கூரைய கட்டுமரத்துல போயி பாப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பாஸ்கல் என் வீட்டுக்காரரின் தம்பி. ஹார்பரில் வேலை. பூனை மாதிரி சத்தமில்லாத ஆள். அவனிடம் ஒரு பழைய கறுப்பு யமஹா உண்டு. காலையில் எனக்கு மீன் பெட்டி ஏற்றி வருவதற்காகப் பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்பு கேரியர் அடித்து வைத்திருந்தான்.

"அண்ணி, இது டவுன்ல ஓட்ற வண்டி. மலையில, அதுவும் மண்ணு ரோட்ல ஏறாது."

"ஏறாட்டி தள்ளிக்கினு போலாம். நீ எடு."

ஷைனிக்குத் துணையாக என் தங்கை ஃப்ளோராவை வரச் சொன்னேன். அவள் எங்களுக்கு வடக்கே அடுத்த குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கஞ்சித் தூக்கோடு விடியற்காலையிலேயே வந்துவிட்டாள். "அக்கா, அங்க போயி யாரையும் அடிச்சிகிடிச்சி வெக்காத" என்று சொல்லி அனுப்பினாள்.

மணலி, புழல் வழியாகப் போனோம். புழல் ஏரியைப் பார்த்ததும் என் வயிறு எரிந்தது. அலையே இல்லாத ஏரிக்குக் கரை முழுக்கக் கல் பதித்திருந்தார்கள். ஏரித் தண்ணீர் ஊருக்குக் குடிக்க வேண்டும், காப்பாற்றுகிறார்கள். நாங்கள் யாருக்கு வேண்டும்? ஊத்துக்கோட்டை தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

ஆந்திரா எல்லைப் பக்கம் மலை தெரிந்தது. அடிவாரத்தில் ஒரு பிள்ளையார் கோயில். தார் ரோடு அதோடு முடிந்தது. அதற்கு மேல் செம்மண்ணும் உடைந்த ஜல்லியும்தான். லாரிச் சக்கரம் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகு மாதிரி மேடு. மேட்டின் மேல் உருண்டைக் கல். பள்ளத்தில் முழங்கால் அளவு புழுதி.

ஹார்பர் ரோட்டில் பாஸ்கலைப் பார்க்க வேண்டும். இரண்டு டிரைலருக்கு நடுவில் ஊசி நுழைகிற மாதிரி நுழைந்து வெளியே வருவான். இங்கே முதல் வளைவிலேயே பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. டயர் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. மீன் பாரத்துக்காக எப்போதும் காற்றைக் கல் மாதிரி அடித்து வைப்பான், அன்றும் அப்படியே அடித்து வந்திருந்தான். ஜல்லி மேல் வண்டி துள்ளியது. இரும்பு கேரியர் என் இடுப்பைப் பதம் பார்த்தது. இன்னும் இரண்டு வளைவு போனதும் ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிற மரியாதையெல்லாம் போதும் என்று இறங்கி, சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகி, ஆம்பளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன். பாஸ்கலுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"இன்னாத்த திரும்பிப் பாக்குற? ரோட்டப் பாரு!"

செங்குத்தான ஒரு வளைவில் அவன் பயந்து வேகத்தைக் குறைத்தான். எஞ்சின் நின்றது. வண்டி எங்கள் இருவரையும் சுமந்துகொண்டு பின்னால் இறங்கத் தொடங்கியது. நான் குதித்து, கேரியரைப் பிடித்து முட்டுக் கொடுத்தேன். அவன் உதைத்து ஸ்டார்ட் செய்து முறுக்கியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, கல்லையெல்லாம் என் கணுக்காலில் வாரி அடித்தது. ரத்தம் வந்தது. பாஸ்கலைத் திட்டினேன், அவனைப் பெற்ற என் மாமியாரைத் திட்டினேன், அதிகாரியைத் திட்டினேன், மலையைப் படைத்தவரை மட்டும் பயந்து விட்டுவிட்டேன்.

அவன் தப்பு எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. ஹேண்டில்பாரைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடித்திருந்தான். சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவன்தானே?

"டேய், அலை தாண்டுற மாரி வுடுடா! இறுக்காத! அது ஆடுனா ஆடட்டும், நீ நேரா போ!"

அது அவனுக்குப் புரிந்தது. கையைத் தளர்த்தினான். ஃபுட்ரெஸ்டில் ஊன்றிப் பிட்டத்தை லேசாகத் தூக்கினான். முன் பிரேக்கைத் தொடவேயில்லை. செகண்டு கியரில் ஒரே சீராக முறுக்கிக்கொண்டு, வண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நெளிய நெளிய ஏறினான். வண்டி நிற்கவில்லை.

பாதி மலையில் எஞ்சின் ஆறுவதற்காக நிறுத்தினான். முகமெல்லாம் செம்மண். தண்ணீர் குடித்துவிட்டு, அதுவரை பேசாதவன் பேசினான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லட்டா? தெக்கால குப்பத்துல கல்லு கொட்னாங்க பாரு, அதுக்கு அப்பாலதான் அலை நம்மளாண்ட திரும்புச்சு. ஹார்பர்ல இன்ஜினியருங்க பேசிக்கினாங்க. இப்ப நம்மளாண்ட கொட்னா..."

"வாய மூடிக்கினு வண்டிய எடு. வூட்ல புள்ள வயித்த தள்ளிக்கினு குந்தினுகீறா."

எடுத்தான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயும் அடித்துக்கொண்டு போகவில்லை. மோசமான ரோடுதான், ஆனால் முழுசாக இருந்தது. புது லாரித் தடம் மேலேயும் போயிருந்தது, கீழேயும் வந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் காதுக்குள் கொதித்தது.

உச்சியில் கல்குவாரி. ஒரு பெரிய மைதானம் நிறைய லாரிகள். எல்லாவற்றிலும் மலைமலையாகக் கருங்கல். ஏற்றித் தயாராக, வரிசையாக நின்றுகொண்டிருந்தன. முன்னால் நின்ற லாரிக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, வாழை காய்ந்து சருகாகித் தொங்கியது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் படுத்துத் தூங்கினார்கள். ஒரு தகரக் கொட்டகையில் கான்டிராக்டரின் சூப்பர்வைசர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் அருள்பிரகாசம் என்று பின்னால் தெரிந்தது. ராயபுரத்து ஆள்தான்.

"இன்னாய்யா இது? ரோடு பூட்ச்சின்னாங்க, லாரி எறங்கலன்னாங்க?"

அவர் என்னையும், இழுத்துச் செருகிய சேலையையும், ரத்தக் காலையும் பார்த்தார். கையிலிருந்த இட்லியைத் தட்டில் போட்டார்.

"ரோடெல்லாம் நல்லாத்தாம்மா கீது. மந்திரி பெரியவரு வந்து கொடியாட்டி அனுப்பணும். தேதி குடுக்கல. நானா இன்னா பண்றது?"

"கொடியா?"

"ஆமாம்மா. அடிவாரத்துல பந்தல், மைக்கு, பேப்பர்க்காரங்கோ, எல்லாம் ஏற்பாடு. போன வாரம் வர்றேன்னாரு, வரல. இந்த வாரமும் தெரியல. வாழ மரமே ரெண்டு தபா மாத்திட்டோம்."

என் வீட்டுச் சுவர் அங்கே அலைக்கு அலை பிளக்கிறது. இவர்கள் இங்கே வாழைமரம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் கேட்டு முடிந்ததும் ஒருத்தி தன் தலைச் சும்மாட்டுத் துணியை எடுத்து மீன் குவியல் மேல் போட்டுவிட்டால் அந்தக் குவியல் அவளுடையது. கோடீஸ்வரன் வந்தாலும் அதைத் தொடமாட்டான். தொட்டால் மற்ற பொம்பளைகள் சும்மா விடமாட்டார்கள். நான் முதல் லாரியின் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினேன். இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டை எடுத்துக் கல் மேல் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தும்கொண்டேன்.

"இது என் கல்லு. நான் எட்துகினேன்."

அருள்பிரகாசம் ராயபுரத்துக்காரர் அல்லவா, அந்தத் துணிக்கு அர்த்தம் அவருக்குத் தெரிந்துபோனது. "யம்மா, இது இன்னா மீனா? எறங்குமா!" என்று கெஞ்சினார்.

"எறங்கமாட்டேன். உங்க பெரியவரு என்னிக்கி வர்றாரோ வரட்டும். நான் இங்கியே குந்தினுகீறேன். அவரு கொடிய ஆட்டட்டும், நான் மைக்குல பேசறேன். பேப்பர்க்காரங்கோ வருவாங்கோன்னு சொன்ன இல்ல? நல்லதாப் போச்சு."

லாரிக்கு அடியிலிருந்து டிரைவர்கள் எழுந்து வந்தார்கள். நாள்கணக்காக அங்கேயே கிடந்து அலுத்துப்போனவர்கள். ஒருவன் கை தட்டினான். அருள்பிரகாசத்துக்கு வியர்த்தது. செல்போனை எடுத்துக்கொண்டு, சிக்னலுக்காக ஒரு பாறை மேல் ஏறி நின்று, யாரிடமோ நெடுநேரம் சார் சார் என்றார். இறங்கி வந்தார்.

"ஆறு லாரி எட்துனு போம்மா. வாழ மரத்த அவுத்துட்டுப் போணும், பேனர் கூடாது. மிச்சம் விழாவுக்கு வோணும். யார் கேட்டாலும் டெஸ்ட்டுக்குக் கொட்றோம்னு சொல்லு. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாத தாயே."

ஆறு லாரி போதும். ஆறு லாரி கல் விழுந்தால் எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு கரை நிற்கும். டிரைவர்கள் வாழையைப் பிய்த்து எறிந்தார்கள். கொட்ட இடம் காட்ட ஆள் வேண்டும் என்று நானும் பாஸ்கலும் முன்னால் கிளம்பினோம்.

அங்கேதான் எங்கள் ஊர்ப் புத்தியைக் காட்டினோம். வடசென்னையில் மேடு என்றால் பாலம்தான். பாலத்து உச்சிக்குப் போனதும் எஞ்சினை அணைத்துவிட்டு இறக்கத்தில் சும்மா உருண்டு வருவது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறின பழக்கம். பெட்ரோல் மிச்சம். பாஸ்கலும் குவாரியைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி நியூட்ரலில் விட்டான். நானும் கெட்டிக்காரப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். பாலம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். மலை முடியவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச தூரத்தில் தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் வண்டி அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

"அண்ணி, பிரேக்கு புடிக்கல!"

"கியர போடுடா!"

போட்டானா, போட வரவில்லையா, எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் வானம். ஜல்லி தெறிக்கிறது. மாதாவே என்று என்னவோ கத்தினேன். வளைவு ஓரத்தில் கல்தூளைக் குவித்து வைத்திருந்தார்கள். பாஸ்கல் வண்டியை அதற்குள் விட்டான். முன் சக்கரம் புதைந்தது. நான் அவன் தலைக்கு மேலாகப் போய்த் தூளில் விழுந்தேன். எனக்கு மூக்கு நிறையக் கல்தூள், வேறொன்றும் இல்லை. அவனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. அந்த நிலையிலும், "அண்ணி, உனுக்கு ஒண்ணியும் இல்லியே?" என்றான். அவனைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

பின்னால் வந்த லாரி நின்றது. பைக்கைத் தூக்கிக் கல் மேல் போட்டுக் கட்டினார்கள். பாஸ்கலை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்து, துண்டால் கையைக் கழுத்தோடு கட்டினேன். அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம். பொழுது சாயும் நேரம், எக்ஸ்பிரஸ் ரோட்டிலிருந்து ஆறு லாரி திரும்பியதைப் பார்த்ததும் குப்பமே ஓடி வந்தது. தலைவர் வாயைப் பிளந்தார். ஃப்ளோரா முதல் ஆளாக ஓடி வந்து, கல்தூள் அப்பிய என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கக்காடி! எங்கக்கா மலைக்கே போயி கல்ல எட்தாந்துட்டாடி!" என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். என் வீட்டுக்கு முன்னால் முதல் கல் விழுந்தபோது பூமி அதிர்ந்தது. ஷைனி வாசலில் நின்று பார்த்தாள்.

அமாவாசை வந்தது. அலை வந்து கல்லில் மோதித் திரும்பிப் போனது. என் வீடு நின்றது. நாலு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். பிறகு பெரியவரும் வந்தாராம், கொடியாட்டினாராம். மிச்ச லாரியும் வந்து எங்கள் குப்பத்துக் கரை முழுக்கக் கல் ஆனது. பேப்பரில் படம் போட்டார்கள்.

கல்லில் மோதித் திரும்பின அலை எங்கே போகும் என்று படம் போட்டவன் யாரும் எழுதவில்லை. எங்கள் கரையில் கல் முடிந்த இடத்திலிருந்து வடக்கே மணல் அரிக்க ஆரம்பித்தது. எங்களுக்குப் பத்துப் பதினைந்து வருடத்தில் போனது ஃப்ளோராவின் குப்பத்துக்கு ஒரே வருடத்தில் போனது. அவர்களும் மறியல் செய்தார்கள். அதிகாரி போய்க் கையைக் கூப்பினார். அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம், சமைத்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ளோராவின் அடுப்பங்கரைச் சுவர் கடலுக்குள் விழுந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சாயங்காலத்துக்குள் வீடே இல்லை.

கேள்விப்பட்டு ஓடினேன். மாதா கோயில் வராந்தாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். "எழுந்து வா, எங்கூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அந்த வூட்ல நான் கால வெக்கமாட்டேன்க்கா."

"ஏன்டி?"

"உன் கல்லுதான் என் வூட்ட தின்னுச்சு."

எனக்கு வந்ததே கோபம்! நானா கடலைத் திருப்பிவிட்டேன்? ஹார்பர் கட்டினவன் நானா? தெற்கே கல் கொட்டியபோது எங்களைக் கேட்டார்களா? கொட்டினால் அடுத்த ஊருக்கு அடிக்கும் என்று இன்ஜினியருக்கெல்லாம் தெரியுமாம், ஏசி ரூமில் பேசிக்கொள்வார்களாம், குப்பத்துக்காரனிடம் மட்டும் சொல்லமாட்டார்களாம். பிள்ளைத்தாய்ச்சி மகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல் என்று கத்தினேன். பங்குச் சாமியாரே வெளியே வந்து பார்த்தார். ஃப்ளோரா பிள்ளையின் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நான் ஓய்ந்த பிறகு அவள் எழுந்தாள். என்னைத் தேடிக்கொண்டு பாஸ்கலும் வந்திருந்தான். எலும்பு கோணலாகக் கூடி, ஒரு தோள் இறங்கியே இருக்கும் அவனுக்கு. ஃப்ளோரா அவனிடம் போனாள்.

"பாஸ்கலு, நாளிக்கி என்னிய அந்த மலைக்கு இட்டுனு போறியா? மிச்சம் இருக்கறவங்க வூடாச்சும் நிக்கட்டும்."

பாஸ்கல் என்னைப் பார்த்தான். நான் ஃப்ளோராவைப் பார்த்தேன்.

"உங்க கரைல கல்லு வுழுந்தா வடக்கால யாருக்கு அடிக்கும், தெரியுமாடி?"

"தெரியும்க்கா. சாலமன் அண்ணன் வூடு."

நாங்கள் இரண்டு பேரும் பிறந்த வீடு அது. எங்கள் அண்ணன் சாலமன் குடும்பத்தோடு அங்கேதான் இருந்தான். தெரிந்துதான் கேட்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் ஏது? மறுநாள் விடியற்காலையில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாஸ்கலின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன்.